மெஷினில் பிழை இல்லை

அன்று பின்னேரம் முன்னறையில் இருந்தவர்களின் விபரம் இது. கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே பிரம்புக் கதிரையில் வீட்டுக்காரி கனகேஸ்வரி. சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் அவருடைய தமையன் சின்னராசா. அவருக்கு முன்னால் கோடு போட்ட தாள், கார்பன் தாள், மூடி கழற்றிய பேனை. மேசையின் மற்ற அந்தத்தில், லப்டொப்புக்கு முன்னால், அதைத் திருத்துவதற்காகக் கொம்பனித்தெருவிலிருந்து வந்திருந்த மர்ஸூக். அவனுடைய ஹெல்மெட்டுக்கும் ஒரு கதிரை கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டில் சமைத்துத் துடைத்துக் கழுவும் இராமலெட்சுமிக்குக் கதிரை இல்லை. அவள் குசினி வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

சின்னராசா ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைத்துத்தான் கதைப்பார். அன்றைக்கும் எழுதியதை வாசித்தார்.

"லப்டொப்பில பிழை இருந்தால் இராமலெட்சுமி இந்த வீட்டில தொடர்ந்து இருக்கலாம். லப்டொப்பில பிழை இல்லையெண்டால் இராமலெட்சுமி போகவேணும். என்ன லெச்சுமி, சம்மதந்தானே?"

"நீங்க சொன்னா சரிங்க ஐயா."

"நான் சொல்லுறதில்லை. மெஷின் சொல்லட்டும். மெஷினுக்கு யாழ்ப்பாணமும் தெரியாது, மலைநாடும் தெரியாது."

மர்ஸூக் அந்த நேரம் பைக்குள் சிக்கிக் கிடந்த வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். வீட்டு விஷயம் ஏதோ வாசிக்கிறார்கள் என்று அவன் காது கொடுக்கவில்லை.

இப்படியொரு விசாரணை வந்ததற்குக் காரணம் கனகேஸ்வரியின் மகன் குகநேசன். அவன் ரொறன்ரோவில் இருந்து ஒரு லப்டொப் அனுப்பி, ரெலிபோன் லைனில் இன்ரநெற்றும் எடுத்துக் கொடுத்திருந்தான். ஞாயிறு பின்னேரம் இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே அவர்கள் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிற நேரம், ஸ்கைப்பில் வருவான். வந்து கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுவான். பிறகு குரல் மட்டும் தண்ணீருக்குள் இருந்து வருவது போல வரும். பிறகு அதுவும் போய்விடும்.

முதலில் கனகேஸ்வரி இதைக் கண்ணூறு என்றுதான் நினைத்தார். ஒழுங்கையில் உள்ள பெண்கள் குகனின் வீட்டைத் திரையில் பார்க்க வருவதும், அவர்கள் மணியடித்து உள்ளே வந்த கையோடு படம் நின்றுபோவதும் அவருக்கு வேறெப்படி விளங்கும். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து லப்டொப்பைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நன்றாக வெடித்தது. படம் வரவில்லை.

குகநேசனுக்கு வேறு எண்ணம். வீட்டில் யாரோ வயர்களில் கை வைக்கிறார்கள் என்று அவன் சொன்னான். அந்த வீட்டில் தூசு தட்டுகிறவள் ஒருத்திதான்.

இராமலெட்சுமியின் ஊர் பொகவந்தலாவைப் பக்கம். அவளுடைய மகன் காளியப்பன் ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட் ஒன்றில் வேலை செய்து, அங்கேயே படுத்து எழும்பினவன். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தது. ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில், கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவன் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை. இப்போது வழக்கில்லாமல் மறியல் சிறையில் இருக்கிறான். புதன்கிழமைகளில் இராமலெட்சுமி சோற்றுப் பார்சலோடு போய், கம்பி வலைக்கு அப்பால் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். வாசலில் நிற்பவன் முதலில் கேட்பது பொலிஸ் பதிவுத் துண்டை. கொழும்பில் எந்த வீடு, யாருடைய பொறுப்பு. இந்த வெள்ளவத்தை வீட்டுப் பதிவில் பெயர் இருக்கும் வரைக்கும் அவள் மகனைப் பார்க்கலாம். பெயர் வெட்டப்பட்டால் பார்க்க முடியாது. அவனுக்கு வேறு ஆளும் இல்லை.

ஆகையால், லப்டொப்பில் ஏதாவது பெரிய பிழை இருக்க வேண்டும் என்று அவள் மாரியாத்தாளை நேர்ந்துகொண்டு நின்றாள்.

மர்ஸூக் தன் வேலையில் சுத்தம். லப்டொப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினான், உள்ளே இருந்த சின்னக் கார்ட்டைக் கழற்றித் துடைத்துப் போட்டான், திரும்ப ஏற்ற வேண்டியதை ஏற்றினான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டாமல் விட்டிருந்த ஒரு கனெக்ஷனை எட்டிப் பிடித்துப் பார்த்தான். படம் தடையில்லாமல் ஓடியது.

"கார்ட் நல்லம். எல்லாம் நல்லம். மெஷின்ல ஒரு பிழையும் இல்ல அன்ட்டி, புத்தம் புதுசு மாதிரி ஈக்குது," என்றான். நல்ல செய்தி சொல்கிறவனின் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது.

இராமலெட்சுமி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

சின்னராசா அந்த வசனத்தை அப்படியே எழுதினார். "தம்பி, நீர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறன். வாசிச்சுப் பார்த்து ஒரு சைன் வையும்."

மர்ஸூக் வாசித்தான். மெஷினில் பிழை இல்லை. சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து வைத்தான்.

"ஆனா அங்கிள், மெஷின் நல்லமெண்டா இங்க ஏன் விழுகுது? ரவுட்டர எங்க வெச்சீக்கிற?"

கனகேஸ்வரி தமையனைப் பார்த்தார். தமையன் பேனையை மூடினார்.

"உமக்கு அது தேவையோ தம்பி?"

"சிக்னல் வாரதே அதிலயிருந்துதானே அங்கிள். அதக் காட்டாம நான் என்னத்தத் திருத்துற?"

கனகேஸ்வரி இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். எல்லோரும் பின்னறைக்குப் போனார்கள். அங்கே ஓர் இரும்பு அலுமாரி. திறந்தால் மேல்தட்டில் கூறைச்சேலை, அடுத்த தட்டில் காணி உறுதிகளும் பாஸ்போர்ட்டுகளும், கீழ்த்தட்டில் படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒரு பச்சை வெளிச்சம் கண் சிமிட்டியது. அலுமாரியின் முதுகில் துவாரம் போட்டு வயர்களை உள்ளே விட்டிருந்தார்கள். ரவுட்டரின் அன்ரெனாவுக்குத் தலையணை உறை ஒன்று போர்த்தியிருந்தது.

மர்ஸூக் குந்தியிருந்து பார்த்தான். உறையைத் தூக்கினான். திரும்ப விட்டான்.

"இது ஆர்ட யோசன?"

"என்ரதான்," என்றார் சின்னராசா. "எதிர் மாடியில செக்கிங் வந்தது உமக்குத் தெரியுமோ? அங்க இருந்த மனுசனிட்ட அன்ரெனா வைச்ச கோட்லெஸ் போன் ஒண்டு இருந்தது. ஆரோட கதைக்கிறாய் எண்டு கேட்டுக்கொண்டு போனவங்கள். ஆள் இன்னும் வரேல்லை. இந்தச் சாமான் வந்த பெட்டியில வயர்லெஸ் எண்டு கொட்டை எழுத்தில அடிச்சிருந்தது. நான் பெட்டியைக் கிழிச்சு அடுப்பில போட்டனான். பார்க்கிறவனுக்கு இது இன்ரநெற் எண்டு நான் எந்தப் பாஷையில விளங்கப்படுத்திறது?"

மர்ஸூக் சிரிக்கவில்லை. அவனையும் எத்தனையோ சந்தியில் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"செல்றது விளங்குது அங்கிள். ஆனா இரும்புக்குள்ளால சிக்னல் வராது. இப்ப பாருங்க." கனகேஸ்வரியைத் திரும்ப முன்னறையில் இருத்தி, லப்டொப்பை அவருடைய மடியில் வைத்துவிட்டு வந்து, அலுமாரிக் கதவைத் தள்ளினான். அது தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வகை.

"என்ன அன்ட்டி, கோடு எத்தின?"

"எல்லாம் போச்சுது," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

சாவியை வாங்கி வந்து திறந்தான்.

"இப்ப?"

"வருது. வருது. நிறைய வருது."

"அவ்வளவுதான். கதவு திறந்து ஈந்தா படம் வரும். பூட்டினா நிண்டுரும். ரவுட்டர அலுமாரிக்கு மேல வெச்சு ஒரு சூட்கேஸால மறைச்சு விடுறன். தோலு சூட்கேஸ் எண்டா ஒண்டும் செய்யாது."

மற்றவர்களும் முன்னறைக்குத் திரும்பி, முன்பு இருந்த இடங்களில் இருந்தார்கள். இராமலெட்சுமிக்கு இப்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அப்ப என் மேல தப்பில்லதானேங்க ஐயா. இரும்புதானே தப்பு."

"பொறு," என்றார் சின்னராசா. பேனையின் மூடியைக் கழற்றினார். "அலுமாரியைப் பூட்டுறது ஆர்?"

"நாந்தாங்க. மணி அடிச்சா ஓடிப்போய்ப் பூட்டுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"கேட்டதுக்குப் பதில். பூட்டுறது ஆர்?"

"நாந்தாங்க."

"ஞாயிறு பின்னேரத்திலயும்?"

"மணி அடிக்கிற நேரமெல்லாங்க. பக்கத்து வீட்டம்மாவா இருந்தாலும் யாருன்னு பாக்கிறதுக்கு முந்தி பூட்டணும்னு..."

"பூட்டினதைப் பிறகு திறக்கவேணும் எண்டு தெரியாதோ?"

"சாவி அம்மா இடுப்பில இருக்குதுங்களே."

"அம்மாவிட்டச் சாவியைக் கேட்டனியோ?"

இராமலெட்சுமி கனகேஸ்வரியைப் பார்த்தாள். "தம்பி படத்தில பேசயில குறுக்க வந்து நிக்காதன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"அப்ப கேக்கேல்லை," என்று சொல்லிக்கொண்டே அதையும் எழுதினார்.

மர்ஸூக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். "அங்கிள், அந்த அக்காட மேல என்ன பிழையெண்டு எனக்கு விளங்கல்ல. செல்லிக் குடுத்ததத்தானே செஞ்சீக்கிறாங்க."

"தம்பி, உம்மிட்டக் கேட்டது மெஷினைப் பற்றி. அதுக்கு நீர் சொல்லிப்போட்டீர். மற்றது வீட்டு விஷயம்."

கனகேஸ்வரிக்கும் கொஞ்சம் மனம் இளகியது. "ஓமண்ணை, சொன்னதைத்தானே செய்தவள். பாவம்."

சின்னராசா கதிரையை இழுத்துத் தங்கைக்குக் கிட்டப் போனார். குரலைத் தாழ்த்தினார். அந்த முன்னறை, குரலைத் தாழ்த்தினால் கேளாமல் போகிற அளவுக்குப் பெரிய அறை அல்ல.

"மறியலில கிடக்கிறவன்ர தாயை வீட்டில வைச்சிருக்கிறம் கனகம். பதிவைப் புரட்டுறவன் ஒருநாள் தாயையும் மகனையும் சேர்த்துப் பார்ப்பான். அதோட எங்களையும் சேர்ப்பான். அவன் பிடிபட்ட நாளில இருந்து சொல்லுறன், உனக்கு இவளின்ர மீன்குழம்பை விட மனமில்லை. இப்ப அவளே எல்லாருக்கும் முன்னால சம்மதம் எண்டு சொல்லி நிற்கிறாள். இதைவிட நல்ல சாட்டு எங்களுக்குக் கிடைக்குமோ?"

கனகேஸ்வரி சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தார். "குகனிட்டையும் ஒரு சொல் கேட்டிட்டுச் செய்வம்," என்றார்.

குகநேசன் சொன்ன நேரத்துக்கு வந்தான். படம் கண்ணாடி போல இருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பழப் படங்கள்கூடத் தெரிந்தன.

"அம்மா, இப்ப உங்கட மூக்குத்தியே தெரியுது. ஆர் திருத்தினது?"

பேத்தி வந்து விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். கனகேஸ்வரி திரையைத் தடவினார். அழுதார். மர்ஸூக்கையும் கூப்பிட்டுக் காட்டினார். அவன் கையைத் தூக்கி ஒரு சலாம் சொல்லிவிட்டு விலகினான். எல்லாம் முடிந்து குகநேசன் கேட்டான்:

"என்ன பிழையாம் அம்மா?"

"ரவுட்டர் இருந்த அலுமாரியை இவள் பூட்டிப் பூட்டி வைச்சிருக்கிறாள்."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நான் அப்பவே சொன்னனான்தானே. கூப்பிடுங்கோ அவளை."

இராமலெட்சுமி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து லப்டொப்புக்கு முன்னால் நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொத்தான்களைப் பார்த்தாள். சின்னராசா அவளுடைய முகம் நாடி வரைக்கும் தெரியும்படி திரையைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டார்.

"இஞ்ச பார். நான் தெரியிறனோ?"

"தெரியிறீங்க தம்பி."

"இந்தப் பனிக்குள்ள ரெண்டு வேலை செய்து நான் எடுத்துத் தந்த கனெக்ஷன் இது. என்ர பிள்ளை அப்பம்மாவைக் காணேல்லை எண்டு எத்தனை ஞாயிறு அழுதுகொண்டு போனது. ஒரு தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கிறது எண்டால் என்னெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க."

"பேந்தென்ன? தெரிஞ்சுகொண்டே பூட்டியிருக்கிறாய்." அவன் அவளுக்குப் பின்னால் நின்ற தாயைத் தேடினான். "அனுப்பி விடுங்கோ அம்மா. வேற ஆள் பிடிக்கலாம். பாமன்கடையில சித்தியவைக்கு ஒரு ஆள் வந்து போறாளெண்டு சொன்னவை."

முன்பெல்லாம் பாதியில் நின்றுபோகிற பேச்சு அன்றைக்கு ஒரு சொல்கூட அறுந்து விழாமல் வந்து சேர்ந்தது.

லப்டொப்பை மூடிய பிறகு இராமலெட்சுமி கனகேஸ்வரியின் காலடியில் இருந்தாள். அழவில்லை. கணக்காகக் கதைத்தாள்.

"நான் போயிடுறேங்க அம்மா. கொட்டாஞ்சேனையில தெரிஞ்சவங்க வீட்டு மூலையில படுத்துக்குவேன். பேரை மட்டும் இங்க விட்டுருங்க. காளியப்பன் வழக்கு முடியிற வரைக்கும்."

"வழக்குத் தொடங்கினதோ?" என்று கேட்டார் சின்னராசா.

"இன்னும் இல்லைங்க."

"தொடங்காத வழக்கு எப்ப முடியும், லெச்சுமி?"

அவள் கனகேஸ்வரியின் பாதத்தைத் தொட்டாள்.

"வீட்டில இல்லாத ஆளின்ர பேரைப் பதிவில வைச்சிருக்கிறது குற்றம். உனக்காக நான் குற்றம் செய்யவேணுமோ? இந்த வயசில என்னைக் கூண்டில ஏத்தவேணுமோ?"

கனகேஸ்வரி யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "கொட்டாஞ்சேனை ஆக்கள் உன்னைப் பதிவினம்தானே," என்றார்.

"அவங்களே பதியாம இருக்காங்கம்மா."

பிறகு அவள் எழும்பி மர்ஸூக்கிடம் வந்தாள். அவன் கடைசி வயரைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி. மெஷின்ல தப்பு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க தம்பி. சின்னத் தப்பா இருந்தாலும் சரி. மெஷின்ல தப்பு இருந்தா நான் இருக்கலாம்னு ஐயா எழுதியிருக்காங்க."

மர்ஸூக்குக்கு, வந்ததிலிருந்து அங்கே வாசித்ததும் எழுதியதும் கையெழுத்து வைத்ததும் எல்லாம் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. மேசையில் கிடந்த தாளைப் பார்த்தான். தன்னுடைய கையெழுத்து வழக்கத்தைவிட வடிவாக விழுந்திருந்தது.

"அங்கிள், ஒருவேள அந்தக் கார்ட் சூடானா..." என்று தொடங்கினான்.

"தம்பி." சின்னராசா தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "மெஷினில பிழை இருக்கெண்டால் நீர் பார்த்த வேலை பிழை. இந்த ஒழுங்கையில எத்தனை வீட்டு மெஷின் பார்க்கிறீர்? நான் அவையளுக்கு என்ன சொல்ல? அதோட, இந்த வீட்டில என்ன சாமான் எங்க கிடக்குதெண்டு பார்த்த வெளியாள் நீர் ஒருத்தர்தான். அதையும் யோசியும். இப்ப சொல்லும், எது பிழை?"

மர்ஸூக் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்தான். அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"மெஷின்ல பிழை இல்ல அங்கிள்."

"கேட்டனியோ, லெச்சுமி?"

"கேட்டேங்க."

சின்னராசா புதுத் தாள் எடுத்தார். கீழே கார்பன் வைத்தார். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குச் சிங்களத்தில், திணைக்களத்தில் எழுதிய அதே அடுக்கில் எழுதினார். முதலில் விலாசம், பிறகு விடயம், பிறகு வணக்கம். எழுதி முடித்ததும் இராமலெட்சுமியை மேசைக்குக் கிட்டக் கூப்பிட்டார்.

"உனக்கு வாசிச்சுக் காட்டாமல் அனுப்பமாட்டன். அது முறையில்லை. கேள்." விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்துத் தமிழில் சொன்னார். மேற்படி வீட்டில் வேலை செய்துவந்த காளிமுத்து இராமலெட்சுமி என்பவர் இன்றுடன் வேலையிலிருந்து நீங்கிவிட்டார் என்பதையும், இனிமேல் அவர் தொடர்பாக இவ்வீட்டாருக்கு எவ்விதப் பொறுப்பும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். வீட்டுப் பதிவிலிருந்து அன்னாரின் பெயரை நீக்கிவிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். "ஏதும் பிழையாய் எழுதியிருக்கிறனோ?"

"எங்கப்பா பேரு சரிங்க."

அவர் கையெழுத்திட்டு, மடித்து, உறைக்குள் வைத்தார். கடல் காற்றில் உறையின் பசை காய்ந்து போயிருந்தது. நாக்கால் தடவினார், ஒட்டவில்லை.

"ரெண்டு சோறு கொண்டா."

இராமலெட்சுமி குசினிக்குப் போய், இரவுக்கென்று வடித்து வைத்திருந்த பானையைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் ஒவ்வொரு பருக்கையாக நசித்து, உறையின் வாயில் ஓரத்துக்கு ஓரம் தேய்த்து, முழங்கையால் அழுத்திப் பிடித்தார். மிச்சச் சோறு அவள் கையிலேயே இருந்தது.

"தம்பி, நீர் காலி வீதியாலதானே போறீர். பொலிஸ் வாசலில நிற்கிறவனிட்டக் குடுத்தால் சரி."

"நானா?" என்றான் மர்ஸூக். "நாளைக்கு நீங்களே குடுங்க அங்கிள்."

"நான் போனால் ஏன் வந்தனி, எங்கத்தை ஆள் எண்டு தொடங்குவான்."

"என்னட்டயும்தான் தொடங்குவான்."

"தொடங்கினால் கடிதத்தைக் காட்டும். எல்லாம் அதில இருக்கு." கார்பன் பிரதியின் மூலையில் திகதியும் நேரமும் போட்டு, மர்ஸூக் கையில் அனுப்பப்பட்டது என்று எழுதிக் கீழே கோடு இழுத்தார்.

மர்ஸூக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தான். இராமலெட்சுமி அவனுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். வந்தவர்களுக்குக் கேற்றைத் திறந்துவிடுவது அவளுடைய வேலை. ஒழுங்கையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவன் பைக்கில் ஏறி இருந்ததும் அவள் கிட்ட வந்தாள்.

"புதன்கிழமை கழிச்சுக் குடுத்தா என்னங்க தம்பி? இந்த ஒரு புதன் மட்டும். அவன்கிட்ட இனிமே வரமாட்டேன்னு சொல்லணும்."

"அங்கிள் கொப்பியில நேரம் போட்டுட்டாரு அக்கா."

"ஆமாங்க. போட்டாங்க."

அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பூட்டினான். அவள் கேற்றை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். பைக் மேட்டில் ஏறி, காலி வீதியில் ஒரு பஸ் போகும் வரைக்கும் நின்று, பொலிஸ் நிலையம் இருந்த பக்கமாகத் திரும்பியது.